ஆக்டேவியா 1.8 டர்போ: 12 டிகிரி இக்னிஷன் டைமிங் கேட்கிறேன், 5 தான் கிடைக்கிறது. டைமிங் கற்றுக்கொள்ள எங்கே தொடங்குவது?

மதுரை_ஆக்டேவியா | மே 4, இரவு 10:42

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டர்போ, 150 குதிரைத்திறன் வகை. அப்பா வாங்கிய கார். விற்க மனமில்லாமல் நான் வைத்திருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு இடத்தில் கொடுத்து, எஞ்சின் கணினியான ஈ.சி.யூ.வில் ஸ்டேஜ் 1 மேப் (சக்தியைக் கூட்டும் செட்டிங் ஃபைல்) போட்டேன். பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) 1 பார் வரை ஏறுகிறது.

காலை ஐந்து மணிக்கு ஓட்டினால் அருமையாக இழுக்கிறது. மதியம் அதே கார் சோர்ந்து போகிறது. கேபிள் வாங்கி நானே லாக் (ஓடும்போது ஈ.சி.யூ. காட்டும் எண்களின் பதிவு) எடுத்தேன். ரிங் ரோட்டில் விடியற்காலையில் மூன்றாம் கியரில் 2000 முதல் 6500 ஆர்.பி.எம். வரை. 3500-இல் மேப் கேட்பது 12 டிகிரி, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வர கிராங்க் இன்னும் 12 டிகிரி சுற்ற வேண்டியிருக்கும்போதே பொறி. கிடைப்பது 5 பக்கம்தான். லாகின் 020-ஆம் பிளாக்கில், எஞ்சின் தட்டும்போது நான்கு சிலிண்டருக்கும் ஈ.சி.யூ. தானாகக் குறைக்கும் (பிடுங்கும்) டிகிரி இது: 6, 6.75, 9, 6.

ஃபைலைத் திறந்து டைமிங் மேப்பையும் கண்டுபிடித்துவிட்டேன். என் யோசனை, 3000 முதல் 4500 வரை இன்னும் 3 டிகிரி ஏற்றிவிட்டால், ஈ.சி.யூ. பிடுங்கியது போக மிச்சம் 8 கிடைக்குமே என்பது. இது சரியா? யாரிடமும் கொடுக்காமல் நானே கற்றுக்கொள்ள ஆசை. அடிப்படையிலிருந்து சொன்னாலும் பொறுமையாகப் படிப்பேன்.

---

பீளமேடு_டியூனர் | மே 4, இரவு 11:30

தம்பி, முதலில் அந்த 3 டிகிரியை ஏற்றாதீர்கள். ஃபைலை மூடி வையுங்கள். காலையில் விரிவாக எழுதுகிறேன். ரிங் ரோட்டில் இனி லாக் எடுக்க வேண்டாம். மூன்றாம் கியரில் 6500 என்றால் 140 கிலோமீட்டர் வேகம் பக்கம் போயிருப்பீர்கள். விடியற்காலையில் அந்த ரோட்டில் பால் வண்டியும் மாடும் வரும்.

---

பீளமேடு_டியூனர் | மே 5, காலை 7:15

சரி, அடிப்படையிலிருந்தே வருகிறேன்.

பிளக்கில் பொறி விழுந்ததும் கலவை மொத்தமும் ஒரே நொடியில் வெடிப்பதில்லை. நெருப்பு பிளக்கிலிருந்து கிளம்பிச் சிலிண்டர் சுவர் வரை நடந்து போக வேண்டும். அதற்கு நேரம் ஆகும். அதற்குள் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுற்றிக்கொண்டே இருக்கும். 3000 ஆர்.பி.எம்.மில் ஒரு மில்லிசெகண்டுக்கு 18 டிகிரி, 6000-இல் 36 டிகிரி. அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பற்றவைக்கிறோம். அழுத்தத்தின் உச்சம், பிஸ்டன் உச்சியைத் தாண்டி 15 டிகிரி பக்கம் இறங்கும்போது விழுந்தால் கிராங்குக்கு முழுத் தள்ளு கிடைக்கும். அதற்கு முன்னால் விழுந்தால் ஏறி வரும் பிஸ்டனையே எதிர்த்துத் தள்ளுகிறோம். ரொம்பப் பின்னால் விழுந்தால், சக்தியாக மாற வேண்டிய சூடு எக்ஸாஸ்ட் வழியாக டர்போவுக்குள் போகிறது.

டர்போ இல்லாத எஞ்சினில், டைனோவில் (காரை ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் மேடை) ஒரே ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்து டைமிங்கை இரண்டிரண்டு டிகிரியாக ஏற்றினால் டார்க் (சுழற்றும் விசை) ஏறும், பிறகு மெதுவாக ஏறும், அப்புறம் தட்டையாகிவிடும். தட்டையாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு டிகிரியும் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் வீண் அடி.

டர்போவில், பூஸ்ட் ஏறியபின் அந்தத் தட்டையான இடத்துக்கு நாம் போய்ச் சேரவே முடியாது. அதற்கு முன்பே நாக் வந்து வழியை மறித்துவிடும். நெருப்பு வந்து சேருவதற்குள், மூலையில் காத்திருக்கும் கடைசிக் கலவை அழுத்தமும் சூடும் தாங்காமல் தானாகவே வெடிப்பதுதான் நாக். நம் ஊர் மெக்கானிக் "எஞ்சின் தட்டுது" என்று சொல்வது இதைத்தான்.

அடர்த்தியான கலவை வேகமாகவும் எரியும். அதனால் பூஸ்ட் ஏற ஏற அட்வான்ஸ் (உச்சிக்கு முன்பே பற்றவைக்கும் டிகிரி) இறங்க வேண்டும். உங்கள் எஞ்சினிலேயே பாருங்கள். சும்மா நிதானமாக ஓடும்போது 30 டிகிரிக்கு மேல் வைத்திருக்கும். முழு பூஸ்ட்டில் 3500-இல் 7, 8 கிடைத்தாலே நல்லது. அங்கிருந்து 6000-க்குப் போகப் போக மறுபடி ஏறும். ஒரு பி.எஸ்.ஐ. பூஸ்ட்டுக்கு ஒரு டிகிரி இறக்கு என்று ஒரு கணக்கு பலர் சொல்வார்கள். வெள்ளைத்தாளில் முதல் மேப் எழுத அது உதவும், அவ்வளவுதான்.

இப்போது உங்கள் கேள்வி. 12 கேட்டு 5 கிடைக்கிறது, 15 கேட்டால் 8 கிடைக்குமா? கிடைக்காது. ஈ.சி.யூ. கழித்துக்கொள்வது நிலையான ஒரு தொகை அல்ல. ஒவ்வொரு முறை நாக் கேட்கும்போதும் அந்தச் சிலிண்டரில் ஒரு வெட்டு வெட்டும். பிறகு பயந்து பயந்து சிறு படியாக மேலே வரும். மறுபடி நாக், மறுபடி வெட்டு. அந்த இழுபறியில் நீங்கள் எப்போதுமே எல்லைக்குக் கீழேதான் கிடப்பீர்கள். எஞ்சின் தாங்கும் எல்லை 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 கேட்டால் 5 கிடைக்கும். 15 கேட்டால் 4 கூடக் கிடைக்கலாம், நாக் அடியும் அதிகம் விழும். 8 கேட்டால் 7 நிலையாகக் கிடைக்கும். குறைவாகக் கேட்பவனுக்குத்தான் அதிகம் கிடைக்கும். இருபது வருடமாக நான் டைமிங்கில் கற்றதில் பாதி இதுதான்.

---

சென்னை_எரிபொருள் | மே 5, காலை 9:02

அண்ணன் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் நான் பெட்ரோலைத்தான் முதலில் மாற்றச் சொல்வேன். 2020 டிசம்பரில் அறிமுகமான எக்ஸ்பி100 (நாக்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோல்) கிடைக்கும் ஊர் என்றால் ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள். பிடுங்கல் பாதியாகக் குறைந்தால் எரிபொருள்தான் எல்லை என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் நாக்கை நன்றாகத் தாங்கும், ஆவியாகும்போது சூட்டையும் உறிஞ்சும். அந்த வகையில் டர்போவுக்கு நல்லதுதான். ஆனால் கலவைக் கணக்கு மாறுகிறது. வெறும் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இதற்கு 13.5 பக்கம். மேப் எழுதியது பழைய பெட்ரோலுக்கு என்றால் முழு த்ராட்டிலில் கலவை லீனாக (பெட்ரோல் குறைவாக) போக வாய்ப்பு உண்டு. லீனானால் சூடு, சூடானால் நாக். எக்ஸாஸ்ட்டில் கலவையை அளக்கும் வைட்பேண்ட் மீட்டர் இருந்தால் லாம்ப்டாவாக (சரியான கலவை 1, பெட்ரோல் கூடினால் அதற்குக் கீழே) படியுங்கள், 14.7 வைத்துப் பெருக்கிய எண்ணாகப் படிக்க வேண்டாம். பூஸ்ட்டில் 0.80, 0.82 பக்கம் இருக்க வேண்டும்.

---

பீளமேடு_டியூனர் | மே 5, காலை 9:40

லாம்ப்டா பற்றிச் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் 100 ஆக்டேனை முதல் வேலையாகச் செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது வலியை மறைக்கும் மாத்திரை. பிடுங்கல் குறைந்ததும் தம்பி நிம்மதியாகிவிடுவார், காரணம் அப்படியே இருக்கும். மூன்றாம் சிலிண்டர் மட்டும் 9 காட்டுகிறது. பெட்ரோல் நான்குக்கும் ஒன்றுதானே? அந்த ஒரு சிலிண்டருக்கு என்ன குறை என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

---

சென்னை_எரிபொருள் | மே 5, காலை 9:58

மூன்றாம் சிலிண்டரை நான் கவனிக்கவில்லை. அது நியாயமான வாதம். அதை முதலில் பார்க்கட்டும், பெட்ரோல் சோதனை பிறகு.

---

குடந்தை_லாரா | மே 5, மதியம் 1:20

தம்பிக்கு என் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும். என்னுடையது ஸ்கோடா லாரா 1.8 டி.எஸ்.ஐ. ஒருவரிடம் காசு கொடுத்து வாங்கிய மேப். போட்ட அன்றைக்கு கார் பறந்தது. எந்த லாகும் எடுத்துக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. ஐந்தாவது மாதம் திருச்சி போகும்போது தஞ்சாவூர் தாண்டி ஒரு நீண்ட ஓவர்டேக். பின்னால் நீலப் புகை, எஞ்சின் மூன்று காலில் ஆடியது. ஹெட்டை இறக்கிப் பார்த்தால் நான்காம் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து கிடக்கிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் போலக் கருப்புப் புள்ளிகள், நடுநடுவே மினுமினுக்கும் அலுமினியத் துகள். அது பிஸ்டனின் அலுமினியம்தான்.

நான்கு மாதம் கார் நின்றது. வீட்டில் அம்மாவுக்கு டயாலிசிஸ் போய்வந்த கார் அது. ஆட்டோ பிடித்து ஓடினோம். அதனால் சொல்கிறேன், லாக் எடுத்துப் பார்த்துக் கேள்வி கேட்டீர்களே, அதுவே பெரிய விஷயம்.

---

யாழ்_ஸ்டார்லெட் | மே 5, மாலை 6:45

குடந்தை அண்ணை, வாசிக்கவே மனம் கஷ்டமாய் இருக்கு. அம்மா சுகமாய் இருக்கிறார் என்று நம்புகிறேன்.

என்னுடையது டொயோட்டா ஸ்டார்லெட் டர்போ, 1.3 லீற்றர் 4ஈ-எஃப்டிஈ எஞ்சின், பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளது. நான் கற்ற முதல் பாடம், கணினி 10 டிகிரி என்று சொன்னால் எஞ்சினிலும் 10-தானா என்று பார்ப்பது. எங்கள் எஞ்சினில் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 இரண்டையும் வயரால் இணைத்தால் ஈ.சி.யூ. தன் திருத்தங்களை விட்டுவிடும். அப்போது பொறி விழும் நேரத்தில் மின்னும் டைமிங் லைட்டைப் புல்லிக் குறியில் பிடித்தால் 10 காட்ட வேண்டும். நான் வாங்கும்போது 16 காட்டியது! முன்பு வைத்திருந்தவர் இழுவைக்காக டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார். மேப்பில் எந்த எண்ணைப் பார்த்தாலும் உண்மையில் அதைவிட 6 கூட. எங்களுக்குக் கிடைப்பது 92, 95 பெற்றோல். எப்படி உயிர் தப்பியது என்றே தெரியவில்லை.

மதுரைத் தம்பியும் முதலில் லைட் பிடித்துப் பார்க்கலாம்தானே?

---

பீளமேடு_டியூனர் | மே 5, இரவு 8:10

நல்ல கேள்வி. ஆக்டேவியாவில் திருப்புவதற்கு டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை. கிராங்கில் 60 பல் சக்கரம், இரண்டு பல் மட்டும் இருக்காது. அந்த இடைவெளியை வைத்து ஈ.சி.யூ. இடத்தைக் கணக்கிடுகிறது. ஒரிஜினல் ஈ.சி.யூ., ஒரிஜினல் சக்கரம் என்றால் பூஜ்யம் நகராது. அதனால் தம்பிக்கு அது தேவையில்லை.

ஆனால் ஸ்பீடுயினோ, மெகாஸ்குவர்ட் போன்ற தனி ஈ.சி.யூ. போடுகிறவர்கள் யாழ் தம்பி சொன்னதைச் செய்யாமல் காரை நகர்த்தவே கூடாது. மென்பொருளில் டைமிங்கை 10-இல் பூட்டி வைத்து லைட் பிடியுங்கள். ஐடிலில் சரியாக இருந்தால் போதாது, 4000-க்கு ஏற்றியும் பாருங்கள். குறி நகர்ந்தால் சென்சார் வயரிங்கிலோ அமைப்பிலோ பிழை இருக்கிறது. டயல் உள்ள லைட் என்றால் டயலைப் பூஜ்யத்தில் வைத்து புல்லியில் உள்ள குறியைப் படிப்பது நல்லது. ஒரு சுற்றுக்கு ஒரு பொறி போடும் காயில்களில் சில லைட்டுகள் இரட்டிப்பாகக் காட்டும். 10 டிகிரியை 20 என்று நினைத்து இறக்கிவைத்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு செக்கச் சிவந்து நின்ற ஒரு காரைப் பார்த்திருக்கிறேன்.

மதுரைத் தம்பிக்கு வீட்டு வேலை. நான்கு பிளக்கையும் கழற்றி வரிசை மாறாமல் வைத்துப் படம் போடுங்கள். கேப்பை (பொறி தாவும் இடைவெளியை) அளங்கள். நாக் சென்சார் இரண்டும் சரியாக இறுகியிருக்கிறதா பாருங்கள், 20 நியூட்டன் மீட்டர், ரெஞ்ச் வைத்து. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அது ஒரு காது. இறுக்கம் மாறினால் கேட்பதும் மாறும். 81 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டர் விட்டத்துக்கு) நாக் சத்தம் 7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும், அந்தச் சென்சார் அதைத்தான் தேடுகிறது. கடைசியாக, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையையும் லாகில் சேருங்கள். மதியம் சோர்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

---

மதுரை_ஆக்டேவியா | மே 11, இரவு 9:25

ஒரு வாரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும்.

மூன்றாம் பிளக் கையாலேயே கழன்றது அண்ணா. மற்ற மூன்றும் ரெஞ்சுக்கு எதிர்ப்புக் காட்டின. கேப் எல்லாம் 1 மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. மூன்றாவதன் பீங்கான் வெளிறிப்போயிருந்தது, ஆனால் துகள் எதுவும் இல்லை. லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்தேன். குடந்தை அண்ணன் எழுதியதைப் படித்தபின் அதைத் திறக்கவே கை நடுங்கியது.

நாக் சென்சார் இரண்டும் சரி.

அடுத்து, உள்ளே போகும் காற்று. மதியம் முதல் ஓட்டத்திலேயே 61 டிகிரி. இரண்டாவதில் 74. சைடு இன்டர்கூலரை (டர்போவில் சூடான காற்றைக் குளிர்விப்பது) பார்க்கலாம் என்று முன்சக்கர வளைவின் லைனரைக் கழற்றினேன். பம்பரிலிருந்து இன்டர்கூலருக்குக் காற்று கொண்டுவரும் பிளாஸ்டிக் டக்ட் அங்கே இல்லவே இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சின்ன விபத்தில் பம்பர் மாற்றினோம். அப்போது திருப்பிப் போடாமல் விட்டிருக்கிறார்கள். கூலரின் துடுப்புகள் எல்லாம் சேறு.

---

பீளமேடு_டியூனர் | மே 11, இரவு 10:05

பிளக் தளர்ந்திருந்தால் அதன் சூடு ஹெட்டுக்குள் இறங்காது. முனை தணல் போல ஆகிவிடும். அந்தச் சிலிண்டர் 9 காட்டியதற்கு அதுவே போதும். நல்லவேளை, இப்போதே பார்த்தீர்கள்.

டக்ட் இல்லாததைக் கண்டுபிடித்தீர்களே, எனக்கு அதுதான் ரொம்ப சந்தோஷம். ஒரு கணக்குப் போடுவோம். மதுரை வெயில் 40 டிகிரி. 1 பார் பூஸ்ட் என்றால் காற்றை இரண்டு மடங்கு அழுத்துகிறோம். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரஸரின் திறன் 70 சதவீதம் என்றால் வெளியே வரும் காற்று 138 டிகிரி பக்கம் இருக்கும். கொதிநீரைவிடச் சூடு! அதை இறக்குவதற்கு இருக்கும் ஒரே சாமான் அந்த இன்டர்கூலர். அதற்குக் காற்றே வராமல் அடைத்து வைத்துவிட்டு மேப்பில் டிகிரி ஏற்றுவதில் பயன் என்ன?

பிளக் ஒரு படி குளிரானதை (சூட்டை வேகமாக ஹெட்டுக்கு இறக்குவதை) போடுங்கள், என்.ஜி.கே. பி.கே.ஆர்.7ஈ. என்.ஜி.கே.யில் எண் கூடினால் குளிர், பாஷில் அப்படியே தலைகீழ். இதை மாற்றிப் புரிந்துகொண்டு வாங்கி வருகிறவர்கள் நிறைய. கேப் 0.7, இறுக்கம் 30 நியூட்டன் மீட்டர். டக்ட் பழைய பார்ட்ஸ் கடையில் தேடுங்கள், கிடைக்காவிட்டால் தகடு வெட்டிச் செய்துவிடலாம்.

பிறகு மேப். டைமிங் அட்டவணையில் 3000 முதல் 4500 வரை முழு லோடு உள்ள கட்டங்களில் 3 டிகிரி இறக்குங்கள். ஒரு கட்டத்தை மட்டும் இறக்கிப் பள்ளம் விடாதீர்கள், அக்கம்பக்கத்தையும் சரிவாக இழுத்துவிடுங்கள். பூஸ்ட்டைத் தொடாதீர்கள். முடிந்தால் ஞாயிறு கோவை வாருங்கள், தெரிந்த இடத்தில் டைனோ இருக்கிறது. ரோட்டில் வேண்டாம்.

---

யாழ்_ஸ்டார்லெட் | மே 11, இரவு 10:31

அண்ணை, ஒரு சந்தேகம். இறக்குவது எப்போதும் பாதுகாப்புத்தானே? அப்படியென்றால் பயம் உள்ளவர்கள் 8 டிகிரி இறக்கி வைத்துவிட்டு ஓடலாம்தானே?

---

பீளமேடு_டியூனர் | மே 11, இரவு 10:50

இல்லை தம்பி. ரொம்பத் தாமதமாகப் பற்றவைத்தால், எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்து முடியாமல் இருக்கும். அந்த நெருப்பு டர்பைனுக்குள் போகும். எக்ஸாஸ்ட் சூடு 950 டிகிரியைத் தாண்டி நின்றால் டர்பைன், மேனிஃபோல்டு, வால்வு எல்லாம் விரிசல் விடத் தொடங்கும். நாக் பிஸ்டனைத் தின்னும், அதிக ரிடார்ட் (டைமிங் இறக்கம்) டர்போவைத் தின்னும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரப்பு ஒல்லியானது, வெயில் காலத்தில் இன்னும் ஒல்லி.

---

மதுரை_ஆக்டேவியா | மே 19, காலை 6:50

நேற்று முன்தினம் கோவையில் இருந்தோம். அண்ணா பகல் முழுவதும் கூடவே நின்றார். சாப்பாடும் அவர் வீட்டில்தான். எண்களைப் போடுகிறேன், யாருக்காவது உதவும்.

ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று, டக்ட்டைக் கழற்றிப் பழைய மேப்பிலேயே முதலில் ஓட்டினோம். பிளக் மட்டும் புதியது. 3500-இல் சக்கரத்தில் 224 நியூட்டன் மீட்டர். மூன்றாவது ஓட்டத்தில் 207. மூன்றாம் சிலிண்டர் இப்போது மற்றவற்றைப் போலவே 6-க்கு வந்துவிட்டது.

டக்ட்டை மாட்டி, முன்சக்கரப் பக்கம் தனியாக ஒரு பெரிய ஃபேன் வைத்தோம். டைனோவின் ஃபேன் ரேடியேட்டருக்கு மட்டும்தான் வீசும், சைடு இன்டர்கூலருக்கு எதுவும் போகாது என்று அண்ணா சொன்னார். காற்று 52 டிகிரிக்கு இறங்கியது. அதே மேப்பில் பிடுங்கல் 3.75 ஆனது.

பிறகு 3 டிகிரி இறக்கிய மேப். 239. மூன்றாவது ஓட்டத்தில் 236. பிடுங்கல் எல்லா சிலிண்டரிலும் 0 முதல் 1.5-க்குள். 9 கேட்கிறேன், 8 கிடைக்கிறது. டக்ட் இல்லாமல் 12 கேட்டபோது கிடைக்காத 8.

கடைசியில் அண்ணா செம்புக் குழாயில் செய்த ஒரு பழைய காதுக்கருவியை என் காதில் மாட்டிவிட்டார். குழாயின் ஒரு முனை எஞ்சின் பிளாக்கில், மறுமுனை ஹெட்ஃபோன் மாதிரி. அவர் வேண்டுமென்றே குறைந்த பூஸ்ட்டில் டைமிங்கை ஏற்றி, ஒரே ஒரு முறை நாக் கேட்க வைத்தார். தகர டப்பாவில் கூழாங்கல் விழுவது போல இருந்தது. இவ்வளவு நாள் லாகில் எண்ணாகவே பார்த்திருக்கிறேன். கேட்டபின்தான், நாளெல்லாம் எஞ்சினுக்குள் இது விழுந்துகொண்டிருந்தது என்று உறைத்தது.

---

பெரம்பூர்_போலோ | மே 19, மதியம் 12:15

அருமையான பதிவு. என்னுடையது போலோ 1.0 டி.எஸ்.ஐ., 110 குதிரைத்திறன். இதே 9 டிகிரியை என் மேப்பிலும் வைக்கலாமா? 1800 ஆர்.பி.எம்.மிலேயே முழு பூஸ்ட் வேண்டும் என்று ஆசை.

---

பீளமேடு_டியூனர் | மே 19, மதியம் 2:40

வைக்காதீர்கள். அந்த 9 அந்தக் காருக்கு, அந்தப் பெட்ரோலுக்கு, 52 டிகிரி காற்றுக்கு உரிய எண். உங்களுடையது மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்‌ஷன். கம்ப்ரஷனும் வேறு.

1800-இல் முழு பூஸ்ட் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன டர்போ, நேரடி இன்ஜெக்‌ஷன், குறைந்த ஆர்.பி.எம்., முழு லோடு: இந்த நான்கும் சேரும் இடத்தில் பொறி விழுவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றும் தொல்லை ஒன்று உண்டு. சிலிண்டர் சுவரில் ஒட்டிய ஆயிலும் பெட்ரோலும் கலந்த துளி பற்றிக்கொண்டு அதைத் தொடங்கிவிடலாம். டைமிங்கை இறக்கினாலும் அது நிற்காது, ஏனென்றால் அதைத் தொடங்குவது பிளக் இல்லை. ஒரே அடியில் பிஸ்டனை உடைக்கும். இதற்காகவே ஆயில் தரத்தில் ஏ.பி.ஐ. எஸ்.என். பிளஸ் 2018-இலும், எஸ்.பி. 2020-இலும் வந்தன. கார் தயாரிப்பாளர் கேட்கும் ஆயில் எது என்று கையேட்டில் பாருங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள்.

2500-க்குக் கீழே மிதிக்காமல் ஒரு கியர் இறக்கி ஓட்டுங்கள். ஸ்டாக் (கம்பெனி) மேப்பிலேயே ஒரு லாக் எடுத்து இங்கே போடுங்கள். காற்றின் வெப்பநிலையும் ஒவ்வொரு சிலிண்டரின் பிடுங்கலும் அதில் இருக்கட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.